பிரேக் சத்தமா? அளந்து காட்டச் சொல்லுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று பெருமூச்சு விடுபவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பிரேக்கில் சத்தம் வந்தால் நம் ஊரில் இரண்டே வைத்தியம்தான் நடக்கிறது. ஒன்று, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வது. இன்னொன்று, "சார், பேடும் போச்சு, டிஸ்க்கும் போச்சு, செட்டா மாத்திடலாம்" என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுவது. முதலாவது ஆபத்து. இரண்டாவது பல நேரம் தண்டச் செலவு. இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்கை மாற்ற வேண்டும் என்று சொல்கிறவர் அதன் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து காட்ட வேண்டும். "இன்னும் ஓடும் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்கிறவரும் அளந்து காட்ட வேண்டும். விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாத கணக்குக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. பிரேக்குக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

தெரியாதவர்களுக்காக நாலு வரி. நாம் ஓட்டும் பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க். ரோட்டர் என்றும் சொல்வார்கள். அதை உள்ளும் புறமுமாகக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கட்டைகள் பேடுகள். கவ்வ வைக்கும் இடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் போதும். பேடு தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. புதிய பேடில் உராயும் பொருள் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான். டிஸ்க்கும் தேயும், ஆனால் மெதுவாக.

இப்போது சத்தத்துக்கு வருவோம். எல்லாச் சத்தமும் நோய் அல்ல. மழை பெய்த மறுநாள் காலையிலோ, வண்டியைக் கழுவி நிறுத்திய மறுநாளோ முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்று கேட்டால் அது ஒரே இரவில் டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துரு. பேடே அதைத் துடைத்துவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தினசரிச் சங்கதி. ஆனால் மாதக்கணக்கில் நின்ற வண்டி வேறு. 2020 ஊரடங்கில் அசையாமல் நின்ற கார்களில் துரு ஆழமாக இறங்கி, பேடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் அச்சு விழுந்துவிட்டதும் உண்டு. அது துடைத்துப் போகிற துரு அல்ல. அதேபோல, திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது காலடியில் கடகடவென்று அடித்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. பயந்துபோய்க் காலை எடுத்துவிடக் கூடாது, அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது கீச்சொலி. இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் சாக்பீஸ்தான். கரும்பலகையில் நீளமான புது சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். சாக்பீஸ் பலகையில் ஒரு கணம் ஒட்டுகிறது, மறுகணம் வழுக்குகிறது. மறுபடி ஒட்டி, மறுபடி வழுக்குகிறது. நொடிக்குப் பல நூறு முறை, ஆயிரம் முறை இப்படி நடந்தால் அந்த அதிர்வுதான் கீச்சொலி. சாக்பீஸை இரண்டாக ஒடித்தால் சத்தம் அநேகமாக நின்றுவிடும். பலகையும் அதேதான், சுண்ணமும் அதேதான். அதிர்கிற நீளம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நடப்பது இதே கூத்து. பேடின் முதுகில் ஷிம் என்று ஒரு மெல்லிய தகடு வைப்பது இந்த அதிர்வை அடக்கத்தான். பேடு மாற்றும்போது பழைய ஷிம்மைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போடாமல் விட்டால், பேடு எவ்வளவு நல்ல பேடாக இருந்தாலும் கீச்சிடும். உடனே "பேடு குவாலிட்டி சரியில்லை, வேற கம்பெனி போடலாம்" என்பார்கள். குற்றவாளி குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

இந்தச் சத்தம் டிஸ்க் பிரேக்கோடு கூடப் பிறந்தது. பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். தட்டைப் பிடிக்க அவர் பயன்படுத்தியது செம்பு. அது எழுப்பிய சத்தம் பெரிய தொல்லையாக இருந்தது. ஆகவே உங்கள் கார் கீச்சிடுகிறது என்பதற்காக மட்டும் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனால் ஒரு கீச்சொலியை மட்டும் அலட்சியப்படுத்தவே கூடாது. பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சின்ன எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கத்த ஆரம்பிக்கும். வேண்டுமென்றே கத்தும்படி வைத்த மணி அது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய, இடைவிடாத கீச்சொலி கேட்கும். பிரேக்கை அழுத்தினால் சில வண்டிகளில் அது மாறும் அல்லது நின்றுவிடும். "பிரேக் போட்டா சத்தம் நிக்குதே, அப்ப பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு தலைகீழ். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பேடிலும் இந்தத் தகடு இருப்பதில்லை. விலை குறைந்த பேடுகள் பலவற்றில் கிடையாது. ஆகையால் சத்தம் இல்லை என்பதும் நற்சான்றிதழ் அல்ல.

என் மச்சினர் வண்டியில் நடந்தது இதுதான். கீச்சொலி வந்தபோது எஃப்.எம்.-ஐக் கூட்டினார். சில வாரங்களில் கீச்சொலி போய் 'கர்ர்ர்' என்று அம்மியில் கல்லைப் போட்டு அரைப்பதுபோல ஆனது. பேடில் உராயும் பொருள் முழுக்கத் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புத் தகடே டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்தது. இரும்போடு இரும்பு. கழற்றிப் பார்த்தபோது டிஸ்கில் இசைத்தட்டு மாதிரி வரி வரியாகப் பள்ளம். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, இரண்டு டிஸ்க், நான்கு பேடு, ஒரு காலிப்பர் பிஸ்டன் சீல் என்று போய் நின்றது. பணம் போகட்டும். அந்தச் சில வாரங்களும் பேரப்பிள்ளைகள் பின் இருக்கையில் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் கைவசம் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் காரில் திடீரென்று ஒரு நாள் தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற பயங்கரமான சத்தம். பிரேக் அழுத்தினாலும் அதே சத்தம், விட்டாலும் அதே சத்தம். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் டிஸ்க், பேடு, வீல் பேரிங் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை. சத்தத்தைக் கேட்டே எழுதிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து புலம்ப, இருவருமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அந்தப் பையன் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்குக்குப் பின்னால் அழுக்கு படாமல் காக்கும் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அந்தத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புளியங்கொட்டை அளவு ஜல்லிக்கல் ஒன்று. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தான். கூலி கேட்டதற்கு, "கல்லுக்கென்ன சார் காசு" என்றான். நாங்கள் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே பட்டறைக்குப் போகும் முன் நாமே சிலவற்றைக் கவனித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் பிரேக்கை அழுத்தும்போது வருகிறதா, அழுத்தாதபோதும் வருகிறதா? காலையில் மட்டுமா, வண்டி சூடான பிறகா? எந்தச் சக்கரம்? வேகத்தோடு கூடுகிறதா? ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் மாறுகிறதா? பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் மாறாத 'உம்ம்' என்ற இரைச்சல், வளைவில் கூடிக் குறைந்தால் அது பிரேக் சத்தமே அல்ல, வீல் பேரிங்காக இருக்கலாம். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் அவரும் பொத்தாம்பொதுவாக ஒரு மாத்திரையைத்தான் எழுதுவார்.

பேடைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கர இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, "நிறைய இருக்கு சார்" என்பார்கள். அப்படிப் பார்த்தால் தெரிவது வெளிப் பேடு மட்டும். உள் பேடு டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கும். காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கென்று இரண்டு வழிகாட்டிக் குச்சிகள் உண்டு, கைடு பின் என்பார்கள். கிரீஸ் காய்ந்து, துருவேறி அவை இறுகிக்கொண்டால் உள் பேடு மட்டும் தனியாக உழைத்துத் தேய்ந்துபோகும். வெளியே ஆறு மில்லிமீட்டர், உள்ளே வெறும் இரும்பு என்கிற நிலை அரிதல்ல. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதிகம் சுடுவது, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, மைலேஜ் குறைவது எல்லாம் இதன் அறிகுறிகள். இந்த இறுக்கத்தைச் சரி செய்யாமல் பேடை மட்டும் மாற்றினால் அடுத்த பேடும் அதே வழியில்தான் போகும்.

சரி, டிஸ்கை எப்படி அளப்பது? ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அளவீடு என்று ஒரு பாடம். வெர்னியர் அளவி, திருகு அளவி இரண்டும் அதில் வரும். "இதையெல்லாம் படிச்சு என்ன சார் ஆகப்போகுது" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இப்போது பதில் சொல்கிறேன். பட்டறையில் மைக்ரோமீட்டர் என்று சொல்வது அதே திருகு அளவிதான். மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர்.

ஒவ்வொரு டிஸ்கிலும் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ அந்த டிஸ்க் எந்தத் தடிமன் வரை தேயலாம் என்ற குறைந்தபட்ச அளவைப் பொறித்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். தெரியாவிட்டால் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே போன டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது, விரிசல் விடும், காலிப்பர் பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். மேலே இருந்தால், விரிசலும் ஆழமான பள்ளமும் இல்லாத பட்சத்தில், அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு எளிதான ஒரு தேர்வு வேறு எந்த உதிரிபாகத்துக்கும் இல்லை. தேர்ச்சி மதிப்பெண்ணை விடைத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

வெர்னியரால் அளக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அளந்தால் டிஸ்க் தேயாத மாதிரிதான் காட்டும். பேடு டிஸ்கின் கடைசி ஓரம் வரை தொடுவதில்லை. அதனால் விளிம்பில் மட்டும் தேயாத ஒரு வரம்பு, நம் வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோமீட்டரின் வளைந்த சட்டம் வரப்பைத் தாண்டிக்கொண்டு போய், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தேய்ந்த இடத்தைத் தொடும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தவும் கூடாது. வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து, இருப்பதிலேயே சிறிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளம் விழுந்த டிஸ்க் என்றால் இன்னொரு எச்சரிக்கை. சாதாரண மைக்ரோமீட்டரின் தட்டை முனை மேடுகளின் மேல்தான் நிற்கும், பள்ளத்தின் அடியைத் தொடாது.

"லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் சார், புதுசு வாங்க வேண்டாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், கணக்கு ஒத்து வந்தால். உதாரணத்துக்குப் புதிய டிஸ்க் 20 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 18 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டிஸ்க் இப்போது 18.6. பள்ளத்தைப் போக்க ஒரு பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 0.8. மிஞ்சுவது 17.8. கடைந்தால் பளபளவென்று புதிது போலவே இருக்கும், ஆனால் தேர்வில் தோற்ற டிஸ்க். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு இது. கடைவதற்கு முன் போட வேண்டும்.

இன்னொரு பெரிய மூடநம்பிக்கை 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பது. எண்பதில் போய் பிரேக் போட்டால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. உடனே வளைந்துவிட்டது என்று தீர்ப்பு. பெரும்பாலும் வளைந்திருக்காது. வட்டத்தில் ஓரிடத்தில் தடிமன், இன்னோரிடத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு மூன்று பங்கு குறைந்திருக்கும். அவ்வளவு போதும் கை நடுங்க. ஏன் குறைகிறது? டிஸ்க் உட்காரும் ஹப்பில் துருவோ மண்ணோ ஒட்டியிருந்தால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும். டயர் கடையில் நட்டுகளைத் துப்பாக்கி வைத்துத் 'தடதட'வென்று ஏனோதானோவென்று முடுக்குவதும் டிஸ்கைச் சாய்க்கும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சில் குறித்த அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். இந்தக் காரணத்தைத் தேடாமல், ஹப்பைத் துடைக்காமல், புது டிஸ்கை மாட்டினால் சில மாதத்தில் நடுக்கம் திரும்பி வரும். "ரோடு சரியில்லை சார்" என்பார்கள். பாவம், ரோட்டுக்கு வாய் இல்லை.

மலைப்பாதையைச் சொல்லாமல் டிஸ்க் சேதத்தைப் பேச முடியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வந்தால் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் என்றால், எடையோடு புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள், சுமார் 1.86 கோடி ஜூல் ஆற்றல். அதே காரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் வெளிப்படுவது 1.39 லட்சம் ஜூல். வகுத்தால் 134 வருகிறது. அதாவது நியூட்ரலிலோ மேல் கியரிலோ பிரேக்கை மட்டும் நம்பி ஊட்டியிலிருந்து இறங்குவது, அறுபதிலிருந்து 134 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு ஏறக்குறையச் சமம். காற்று கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், மீதி அத்தனையும் டிஸ்கில் வெப்பமாக இறங்கும். பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கும்போது மூக்கைத் துளைக்கும் அந்தக் கருகல் வாசனை அதுதான். முதல், இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்கினால் இந்தச் சுமையில் பெரும்பகுதியை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளானாலும் கொல்லிமலையின் 70 ஆனாலும் விதி இதுதான்.

கருகல் வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விட வேண்டும். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுகிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். டிஸ்கில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால் அது அளவு மீறிச் சூடாகியிருக்கிறது என்று பொருள்; அளவி காட்டும் தடிமன் சரியாக இருந்தாலும் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். மிதி திடீரென்று மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் தரம் கொண்டது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அதே தரம் 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். இது மட்டும் பட்டறைக்காரர் சொன்னால் வாதம் செய்யாமல் மாற்றிவிடுங்கள்.

கை வைத்தியங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் போக டிஸ்கில் எண்ணெய் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போகும்தான். பிரேக்கும் சேர்ந்து போகும். பேடை எமரி பேப்பரில் தேய்த்து மாட்டுவது இன்னொன்று. வழுவழுப்பு ஏறிய பேடுக்கு அது ஒரு வாரம் இரண்டு வாரம் உதவும், காரணம் வேறாக இருந்தால் சத்தம் வீடு தேடி வரும். பிரேக் தூசியை ஏர் கம்ப்ரசரால் ஊதித் தள்ளும் பழக்கத்தை மட்டும் மெக்கானிக் தம்பிகள் விட்டுவிட வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய். நமக்கு அரை மணி நேர வேலை, அவர்களுக்கு ஆயுள் முழுக்க அந்தத் தூசி. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைக்கச் சொல்லி நாமே கேட்கலாம்.

மெக்கானிக்குகள் எல்லோரையும் திருடர்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் படித்த பிள்ளைகளில் மெக்கானிக் ஆனவர்கள் பலர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகனப் பிரிவில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துத்தான் கற்றுத் தருகிறார்கள். பட்டறைக்கு வந்ததும் அந்தக் கருவி ஏன் காணாமல் போகிறது? பூச்சியத்திலிருந்து 25 மில்லிமீட்டர் வரை அளக்கும் சாதாரண மைக்ரோமீட்டர் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆக, காசு காரணமல்ல. அளந்து சொல்வதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை, அதுதான் காரணம். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பிரித்து, எட்டு இடத்தில் அளந்து, "ஒன்னும் இல்லை சார், எடுத்துட்டுப் போங்க" என்று ஒருவர் சொன்னால் நாம் "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அவருக்கு ஒரு மணி நேர உழைப்பு போனது. டிஸ்கை மாற்றியிருந்தால் கூலியும் கிடைத்திருக்கும், உதிரிபாகத்தில் நாலு காசும் கிடைத்திருக்கும். நேர்மைக்கு அபராதம் போட்டுவிட்டு நேர்மை இல்லையே என்று புலம்புகிறோம். மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றாலும் ஃபீஸ் கொடுக்கிறோம் அல்லவா? ஜல்லிக்கல்லை எடுத்த பையனுக்கு நாங்கள் பணம் கொடுத்தது இதனால்தான்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்று சிலர் முன்பே உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். சண்டைக்குப் போகிற மாதிரி கேட்க வேண்டாம். "தம்பி, பார்க்கிறதுக்குத் தனியா கூலி வாங்கிக்கோங்க. உள் பேடு, வெளிப் பேடு இரண்டையும் காட்டுங்க. டிஸ்கில பொறிச்சிருக்கிற அளவு என்ன, இப்ப இருக்கிற அளவு என்ன, பில்லுல எழுதிக் கொடுங்க. மாத்தினா பழைய சாமானை வண்டியில வெச்சிடுங்க." இவ்வளவுதான். மாற்ற வேண்டியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதுப் பேடு போட்ட பிறகு முதல் இருநூறு கிலோமீட்டர் மிதமாக, பல முறை பிரேக் போட்டுப் பழக்குங்கள். முதல் நாளே குடும்பத்தோடு மலை ஏறாதீர்கள்.

உங்கள் ஊரில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து சொல்லும் பட்டறை இருந்தால் கமெண்டில் ஊர் பெயரோடு எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். சந்தேகம் கேட்பவர்கள் வண்டி என்ன, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சத்தம் எப்போது வருகிறது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறார், அவரிடம் கேட்டுப் பதில் போடுகிறேன். "சார் சத்தம் வருது, என்ன பண்ணலாம்" என்று மட்டும் எழுதினால், பாட்டைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை கவனித்துவிட்டு வாருங்கள் என்றுதான் எழுதுவேன்.